நட்சத்திரம் போட்ட பத்தொன்பது பேர்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அலுவலகத்துக்கு மென்பொருள் செய்யும்போது, தினமும் பத்துப் பதிவு போடுகிற எழுத்தருக்கு எளிமையாக ஒரு திரையும், எல்லாம் தெரிந்த ஆளுக்கு வசதிகள் நிறைந்த இன்னொரு திரையும் வைப்பதா, அல்லது எல்லாருக்கும் ஒரே திரையா என்று. நான் உடனே பதில் சொல்லவில்லை. ஓய்வு பெற்றவன் கேட்டவுடன் பதில் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ராமாயி என்கிற பெண்மணி. அவரைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

எண்பதுகளின் கடைசி. சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்று பெயர்ப்பலகைதான் சொன்னது. உள்ளே நானும் ஒரு ஏசியும் மட்டும். ஏசி கணினிக்காக வாங்கியது. அதில் எனக்கு உரிமை இல்லை என்று கோப்பில் ஒரு குறிப்பே இருந்தது. அந்த நிறுவனம் தர்மபுரி மாவட்டத்தில், மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், காசநோய் சிகிச்சை மையம் ஒன்றை நடத்தியது. சிறிய வார்டு, ஒரு டாக்டரம்மா, மாத்திரைகளோடு ஊர் ஊராகப் போகும் ஒரு வேன், ஆயிரத்துச் சொச்சம் நோயாளிகளின் அட்டைகள். அந்த அட்டைகளைக் கணினிக்கு மாற்றுவது என் வேலை.

வேலையைத் தொடங்குமுன் பயனர்களைக் கலந்து பேச வேண்டும் என்பது விதி. விதிகள் விஷயத்தில் நான் சுத்தம். கூட்டம் போட்டேன். டாக்டரம்மா பத்து நிமிடம் வந்தார். மையத்தின் புள்ளிவிவர உதவியாளர் மாதேஷ் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். பாலக்கோட்டுக்காரர், பட்டதாரி, சொந்தச் செலவில் கணினிப் பத்திரிகை வரவழைத்துப் படிக்கிறவர். நான் அதுவரை மாவட்டங்களில் பார்த்திராத வகை மனிதர் என்பதால் எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

"சார், மெனுகினு எல்லாம் எனக்கு வேணாங்க. நேரா கமாண்டு குடுத்துடுங்க. நம்பர் தட்டித் தட்டி உள்ள போறதுக்குள்ள பொழுது போயிடுது" என்றார்.

"அதெல்லாம் எல்லாருக்கும் ஒத்துவராதே."

"எல்லாருக்கும் எதுக்குங்க? எனக்கு மட்டும் குடுங்க. அக்காவுக்குப் பேரு, ஊரு, தேதி. அவ்வளவு போதும்."

அக்கா என்று அவர் சொன்னது நூர்ஜஹானை. பன்னிரண்டு வருடமாக அட்டைகளைப் பார்த்துக்கொண்ட எழுத்தர். அவரைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அட்டைப் பெட்டிகளை எடுத்துக் காட்டச் சொன்னபோது மட்டும் வந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் சில அட்டைகள் மற்றவைபோலப் படுக்கைவாட்டில் இல்லாமல் நெட்டுக்குத்தலாக நின்று, ஓர் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் அதைக் கவனித்தேன். கவனித்து, 'அட்டைகள் ஒழுங்கின்றி அடுக்கப்பட்டுள்ளன' என்று சென்னைக்கு அறிக்கை எழுதினேன்.

அந்த அட்டைகள் ஏன் நின்றன என்று அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

விஷயம் இதுதான். அப்போது காசநோய்க்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தடித்து, கொப்புளித்து, தோல் உரியும். ஒரு தடவை அப்படி ஆனவருக்கு மறுபடி அதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர் யார் என்று டாக்டரம்மா சொன்னதும், நூர்ஜஹான் அவருடைய அட்டையை நிமிர்த்தி வைப்பார். வேனில் போகிறவர் பெட்டியைத் திறந்ததும் நிற்கிற அட்டை கண்ணில் படும். அவருக்கு வேறு மாத்திரை. எந்தக் கையேட்டிலும் இல்லாத ஏற்பாடு. பன்னிரண்டு வருடம் தவறாமல் நடந்தது.

நான் மென்பொருளை இரண்டு பகுதியாகச் செய்தேன். சாதாரணப் பயனருக்கு ஒரு திரை: பெயர், ஊர், வயது, வந்த தேதி, அடுத்த தேதி. தேர்ந்த பயனருக்குக் கடவுச்சொல் போட்ட இன்னொரு பகுதி: மாத்திரை வகையின் குறியீட்டை மாற்றுவது, அறிக்கைகள், துப்புரவு. ஆபத்தான வேலைகளைத் தெரிந்தவரிடம் மட்டும் விட வேண்டும் என்று நான் படித்த எல்லாப் புத்தகங்களிலும் இருந்தது. தெரிந்தவர் என்றால் எதைத் தெரிந்தவர் என்று புத்தகங்கள் சொல்லவில்லை. மாதேஷுக்குக் கணினி தெரியும். எந்த நோயாளிக்கு எது ஆகாது என்பது நூர்ஜஹானுக்குத் தெரியும். கடவுச்சொல்லை மாதேஷிடம் கொடுத்தேன்.

துப்புரவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இறந்துபோனவர், ஊரை விட்டுப் போனவர் ஆகியோரின் பதிவுகளை நீக்க வேண்டும். தவறுதலாக யாரும் அழித்துவிடக் கூடாதே என்று இரண்டு கட்டமாக வைத்தேன். முதல் கட்டத்தில் சாதாரணப் பயனர் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் விழும். மறுபடி அழுத்தினால் போய்விடும். நட்சத்திரம் விழுந்த பதிவு அப்படியே இருக்கும், அச்சிலும் வரும். இரண்டாவது கட்டத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தேர்ந்த பயனர் துப்புரவுக் கட்டளை கொடுப்பார். நட்சத்திரம் போட்டவை எல்லாம் அடியோடு போய்விடும். இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நிறுவி நான்கு மாதம் கழித்துப் பார்வையிடப் போனேன். காலை ரயிலில் மொரப்பூரில் இறங்கி, மையத்துக்குப் போய்ச் சேர்ந்து, கணினி முன்னால் உட்கார்ந்தபோது எட்டரை மணி இருக்கும். அன்று சித்தேரி மலைக்கு முறை. வேன் ஆறரைக்கே கிளம்பிப் போயிருந்தது. மாதேஷ் எனக்குப் புது அறிக்கைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். முந்தின நாள் அச்சிட்டு வேனோடு அனுப்பிய சித்தேரிப் பட்டியலின் நகல்.

"சார், இதுல நட்சத்திரத்தையே காணமுங்க."

"எந்த நட்சத்திரம்?"

"பேருக்கு முன்னாடி வருமில்லீங்களா, அது. சித்தேரியில மூணு பேருக்கு இருக்கணும். எண்ணிக்கை நல்லா ஞாபகம் இருக்குதுங்க. இதுல ஒண்ணுகூட இல்ல. ஆளுங்க பேரே இல்லாம போயிருக்குமோன்னு சந்தேகமா இருக்குது."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"பேரு இருக்காதும்மா. நட்சத்திரம் போட்டவங்க பதிவை எல்லாம் போன வியாழக்கிழமை மாதேஷ் துப்புரவு பண்ணிட்டார். மூணு மாசம் ஆச்சே. கையேட்டுல போட்டிருக்கே."

"துப்புரவுன்னா?"

"அழிக்கிறது. நட்சத்திரமே அதுக்குத்தானே. செத்துப்போனவங்க, ஊரை விட்டுப் போனவங்க."

அவர் தாளை மேசைமேல் வைத்தார். வைத்த கை அதன்மேலேயே இருந்தது.

"செத்துப்போனவங்களுக்கு நாங்க அதைப் போடலீங்க சார். மாத்திரை ஆவாதவங்களுக்கு இல்ல போட்டு வெச்சிருக்கோம்."

மாதேஷ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்னாக்கா சொல்ற? எங்கிட்ட சொல்லலையே நீ."

"சொன்னனே. மொத மாசமே சொன்னேன். ஆவாதவங்களுக்கு மாத்திரை நம்பரை மாத்திக் குடுன்னு எத்தன தடவ கேட்டேன்? நாளைக்கிப் பாக்கலாங்க்கா, நாளைக்கிப் பாக்கலாங்க்கான்னே. பாஸ்வேர்டு இல்லாம எனக்கு அந்த ரூமு தொறக்காது. ஒருநா கை தவறி நட்சத்திரம் வந்துச்சு. மறுபடி தட்டினா போவுது. அட்டைய நிமுத்தறாப்பல ஒண்ணு, படுக்க வெக்கறாப்பல ஒண்ணு. சரி, இதுக்குத்தான் சாரு வெச்சிருக்காருபோலன்னு போட்டுக்கிட்டேன். வேன்ல போற பெரியவரும் நட்சத்திரத்தப் பாத்துத்தான் வேற மாத்திரை குடுத்துக்கிட்டு இருந்தாரு."

நான்கு மாதம், நான் வடிவமைக்காத ஓர் ஏற்பாடு என் மென்பொருளுக்குள் ஒழுங்காக நடந்திருக்கிறது. என் மென்பொருள் திட்டப்படி வேலை செய்த ஒரே ஒரு நாளில் அது அறுந்துவிட்டது.

போன வாரம் பதிவுகள் எத்தனை, இப்போது எத்தனை என்று பார்த்தோம். பத்தொன்பது குறைந்திருந்தது. பத்தொன்பது பேரில் மூன்று பேர் சித்தேரிப் பட்டியலில் இருந்தவர்கள். மற்ற பதினாறு பேரின் ஊர்களுக்கு வேன் போக இன்னும் சில நாள் இருந்தது. இந்த மூன்று பேருக்கு மணிக்கணக்குத்தான் இருந்தது.

"பட்டியல்ல பேரு இல்லன்னா மாத்திரை குடுக்க மாட்டாங்க இல்லீங்களா சார்?" என்றார் மாதேஷ். அவர் குரலில் இருந்த நம்பிக்கையைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

கையேட்டை எழுதியவன் நான். பதினோராவது விதி எனக்கு மனப்பாடம். பட்டியலில் பெயர் இல்லாதவர் பழைய நோயாளி என்று சொல்லி வந்தால் திருப்பி அனுப்பக் கூடாது, சிகிச்சை விட்டுப்போகும். புதுப் படிவம் எழுதி, முதல் நாள் பொட்டலத்தைக் கொடுத்து, கண்முன்னால் விழுங்கவைக்க வேண்டும். முதல் நாள் பொட்டலத்தில் அந்த மாத்திரைதான் இருந்தது.

"வேன்ல யார் போயிருக்காங்க?"

"பெரியவரு போன வாரம் ரிட்டயர்டு ஆயிட்டாருங்க. புதுசா வந்தவருதான். நட்சத்திரம் இருந்தா வேற மாத்திரைன்னு நேத்தே சொல்லி வெச்சேன்" என்றார் நூர்ஜஹான். "பேரே இல்லாத பட்டியலப் பாத்து அவரு என்னா பண்ணுவாரு?"

பழையவருக்கு முகங்கள் தெரியும். புதியவருக்கு என் கையேடு மட்டும் தெரியும்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். நெருக்கடியில் நல்ல யோசனைகள் வரும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். எனக்கு வந்தவை எல்லாம் நான் எழுதிய விதிகள்தான். ஒவ்வொன்றும் ஒரு கதவை மூடியது. மாத்திரை ஆகாதவர் யார் என்று டாக்டரம்மா எழுதித் தரும் சீட்டு? பதிந்தவுடன் கிழித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தேன். போன மாதப் பட்டியல்? பழையதும் புதியதும் கலந்துவிடாமலிருக்க, வேன் திரும்பியதும் எரித்துவிட வேண்டும். நகல் வட்டுகள்? மூன்று தொகுதி வைத்துச் சுழற்ற வேண்டும் என்பது விதி. இருந்தது ஒரே தொகுதி. மற்ற இரண்டை வாங்கும் கோப்பு சென்னையில் என் மேசையிலேயே இருந்தது. அந்த ஒரே தொகுதியில் மாதேஷ் வெள்ளிக்கிழமை, விதிப்படி, துப்புரவு முடிந்த பதிவுகளை ஏற்றி வைத்திருந்தார். பழைய அட்டைகள் தர்மபுரியில் ஒரு கிடங்கில் மூட்டையாகக் கிடந்தன. டாக்டரம்மா சேலத்தில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார். மத்தியானம்தான் வருவார். சித்தேரியில் அந்தக் காலத்தில் போன் கிடையாது.

"அந்த மூணு பேர் யாருன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆயிரம் பேருங்க சார். முகத்தப் பாத்தா சொல்லிடுவேன்." கொஞ்சம் தயங்கி, "எரிக்கச் சொன்ன பட்டியல நான் எரிக்கலீங்க" என்றார்.

"எங்கே இருக்கு?"

"வூட்டுல. நல்ல அகலமான பேப்பரு, கெட்டி. எம் பொண்ணு புஸ்தகத்துக்கு அட்டை போட்டு வெச்சிருக்கேன்."

அவர் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. போகும்போதே இன்னொன்றும் சொன்னார். அவர் கணவர் புளி வியாபாரி. அன்று சித்தேரியில் புளி ஏற்ற டெம்போ எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். கிளம்பாமல் இருந்தால் நம் அதிர்ஷ்டம். கிளம்பவில்லை. பாய் வாசலில் டெம்போவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குத் தயாராக இருந்த மகளின் பையிலிருந்து வரலாற்றுப் புத்தகம், பூகோளம், கணக்கு என்று மூன்றையும் எடுத்து அட்டைகளைப் பிரித்தோம். அழகாக மடித்து, லேபிள் ஒட்டிய அட்டைகள். பூகோளத்தின் அட்டையில் சித்தேரி இருந்தது. மூன்று நட்சத்திரங்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். பெண்ணின் பெயர் ராமாயி.

மாதேஷை மற்ற ஊர்ப் பெயர்கள் இருந்த அட்டைகளோடு அலுவலகத்தில் விட்டுவிட்டு, நானும் நூர்ஜஹானும் டெம்போவில் ஏறினோம். மணி ஒன்பது ஆக ஐந்து நிமிடம். சித்தேரியில் மாத்திரை கொடுக்கும் முகாம் பத்து மணிக்குத் தொடங்கும்.

பாய்க்கு விஷயத்தைச் சொன்னோம். தலையாட்டினார். வேகத்தைக் கூட்டவில்லை.

"மலை ரோட்ல வேகமா போனா பத்து மணிக்கு நாம வேற எடத்துக்குப் போய்ச் சேர்ந்துடுவோம் சார்" என்றார்.

அரூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வழியில் ஓர் ஆள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு கை காட்டினார். டெம்போ பழக்கத்தில் நின்றது.

"இன்னிக்கு யாரையும் ஏத்தாதீங்க" என்றார் நூர்ஜஹான்.

"நாளைக்கி இவங்கிட்டதான் புளி வாங்கணும். ஏறுய்யா, சட்டுனு ஏறு. கும்புடறத அப்பறம் வெச்சுக்கலாம், ஆட்டத் தூக்கி மேல போடு."

அந்த ஆட்டை ஏற்றிய நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. நான் என் கைக்கடிகாரத்தில் அதை அரை மணியாகப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு மனதில் ஒரே காட்சி: மேசை, தம்ளரில் தண்ணீர், கையேடு, கண்முன்னால் விழுங்கும் ஒரு பெண். கண்முன்னால் என்ற சொல்லை நான் கையேட்டில் அடிக்கோடிட்டிருந்தேன்.

முகாம் பள்ளிக்கூட வாசலில் நடந்தது. பத்தேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இருபது பேர் வரிசையில் இருந்தார்கள். நூர்ஜஹான் வண்டி நிற்குமுன்னே இறங்கி, வரிசையில் ஒருவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். மூவரில் ஒருவர். இன்னொருவர் அன்று வரவே இல்லை என்று வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் மேசைக்குப் போய் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னேன்.

புதியவர் எழுந்து நின்றார். மேசையில் என் கையேடு திறந்திருந்தது. பக்கத்தில் புதுப் படிவம் ஒன்று.

"ராமாயின்னு யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க சார். பட்டியல்ல பேரு இல்ல. பதினொண்ணாவது விதிப்படி புதுப் படிவம் எழுதி, பொட்டலம் குடுத்தேன். என் கண்ணு முன்னாடியே முழுங்கினாங்க." எதையோ சரியாகச் செய்தவரின் முகம். அது தவறும் இல்லை.

"எப்போ?"

"அஞ்சு பத்து நிமிஷந்தான் ஆவும்."

பாய் அதற்குள் புளி எடை போடும் இடத்துக்குப் போயிருந்தார். நான் கத்திக் கேட்டதும் அவர் எந்தப் பரபரப்பும் இல்லாமல் கையை நீட்டினார்.

"ராமாயிங்களா? இப்பத்தான் புளி போட்டுட்டு, அந்தா, காலி சாக்கோட போவுது."

பாதையில் ஒரு நாற்பது வயதுப் பெண் போய்க்கொண்டிருந்தார். நூர்ஜஹான் ஓடினார். நாற்பத்தைந்து வயதில் அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலைப் பாதையில் ஓடியதை அன்று சித்தேரியே பார்த்தது.

"ராமாயி, நில்லு. அந்த மாத்திரைய முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டனுங்களே."

பக்கத்து வீட்டில் உப்புக் கரைத்துக் குடிக்கவைத்து, நூர்ஜஹானே தலையைப் பிடித்துக்கொண்டார். வந்தது. எல்லாம் வந்ததா என்று யாருக்குத் தெரியும்? ஆட்டுக்காரர், பாய், நான், எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாத்திரையின் ஒரு பாதி தெரிந்தது. மறுபாதி தெரியவில்லை. பாய் புளியை ஏற்றாமலே டெம்போவைத் திருப்பினார்.

மத்தியானம் வார்டில் சேர்த்தோம். டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"ரெண்டு நாள் பார்க்கணும். போன தடவை இவங்களுக்குப் பாதித் தோல் போயிடுச்சு."

அந்த இரண்டு நாளும் நான் வார்டு வராந்தாவில் இருந்தேன். முதல் நாள் சாயங்காலம் ராமாயியின் முன்கையில் தடிப்பு தெரிந்தது. மறுநாள் காலை கழுத்துக்கு வந்தது. மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து, தடிப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போவார். அடுத்த தடவை வரும்போது அது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். எத்தனையோ அறிக்கைகள் படித்திருக்கிறேன். அந்தக் கோடுகளைப்போல எதையும் கவனமாகப் படித்ததில்லை.

உட்கார்ந்த இடத்தில் சென்னைக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. எல்லா நடைமுறையும் தெரிந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த நடைமுறை தன்னைக் காப்பாற்றும் என்பதும் தெரியும். 'அழிப்புக் குறியைச் சாதாரணப் பயனர் அங்கீகாரமின்றி வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தியதால்' என்று தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. விதிப்படி நூர்ஜஹானின் வேலை போகும். என் வேலை இருக்கும்.

அவர் காப்பி வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னா சார் எழுதறீங்க?"

"அறிக்கை."

"எம் பேரு வருதுங்களா?"

"பேர் போடல. சாதாரணப் பயனர்னு போட்டிருக்கேன்."

"அங்க நான் ஒருத்திதானுங்களே சாதாரணம்" என்றார். காப்பி ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தத் தாளைக் கிழித்தேன். வேறொன்று எழுதினேன். அதில் மாத்திரை ஆகாதவர்களைக் குறிக்க மென்பொருளில் இடம் வைக்கவில்லை என்றும், அந்த வேலையைச் செய்தவரைக் கேட்காமல் வடிவமைத்தேன் என்றும் இருந்தது. இதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்துக் கோட்டைத் தடிப்பு தாண்டினால் எந்த அறிக்கையும் யாரையும் காப்பாற்றாது என்று பயந்துபோயிருந்த ஒருவன் எழுதியது அது. சென்னையில் அதைப் படித்துவிட்டு, பயனர்களுக்குப் போதிய பயிற்சி தரப்பட வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

மூன்றாம் நாள் காலை தடிப்பு கோட்டுக்கு உள்ளே இருந்தது. மத்தியானம் இன்னும் உள்ளே போயிற்று. அந்தப் பாதி மாத்திரை வெளியே வந்ததால் பிழைத்தார் என்றார் டாக்டரம்மா. ராமாயி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நான் கட்டிலருகே போய் நின்றேன். இரண்டு நாளாக மனதை அரித்த கேள்வியைக் கேட்டேன்.

"அந்த மாத்திரை உங்களுக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமே. பாத்ததும் அடையாளம் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க. இது எனக்கு ஆவாதுங்கன்னு அவருகிட்ட சொன்னேன். அவரு பேப்பரப் பாத்தாரு. ஒம் பேரு எழுத்துலயே இல்லியே, நீ புதுசுன்னாரு." கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தார். "எழுத்துல இல்லன்னா, ஆவாதது நானில்ல, வேற யாரோபோலன்னு நெனச்சுக்கிட்டேனுங்க. படிச்சவங்க எழுதினது தப்பாவா இருக்கும்?"

பிறகு தம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப எழுத்துல வந்துட்டேனுங்களா?"

"வந்துட்டீங்க" என்றேன்.

அது பொய். மூன்று நாளாக யாரும் அந்தக் கணினியைத் தொடவில்லை. மற்ற பதினாறு பேருக்கு மாதேஷ் கையால் பட்டியல் எழுதி, வேனை அதோடுதான் அனுப்பியிருந்தார். நேராக அலுவலகத்துக்குப் போய்க் கணினியைப் போட்டேன். ராமாயி என்று பதிந்தேன். ஊர், வயது, வந்த தேதி, அடுத்த தேதி. திரை முடிந்துவிட்டது. அந்த மாத்திரை இவருக்கு ஆகாது என்பதை எழுத ஓர் இடத்தைத் தேடிக் கீழே போனேன், மேலே போனேன். கட்டியவன் நான், எனக்குத் தெரியாதா இல்லை என்று? இருந்தாலும் தேடினேன்.

பிறகு எழுந்து நின்று, நூர்ஜஹானை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மையத்தில் கணினி வந்து நான்கு மாதத்தில், நான் நின்று அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இதை எங்கே வைக்கணும்னு நீங்க சொல்லுங்க. அங்கே ஒரு கட்டம் போட்டுத் தரேன்."

அவர் திரையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். மாதேஷும் வந்து பின்னால் நின்றார். நான் கடைசியில், அடுத்த தேதிக்குப் பிறகு என்று மனதில் வைத்திருந்தேன். முறைப்படி அதுதான் அதன் இடம்.

"பேருக்கு முன்னாடிங்க சார்" என்றார். "வேன்ல போறவரு ஆளோட பேரைப் படிக்கறதுக்கு முன்னாடியே அது தெரியணும்."